மீன் கழுவிய தண்ணீரும் ஒற்றைக் காம்புப் பூவும்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறேழு பூனைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் பெயின்ட் வாளிகளை அறுத்துச் செய்த தொட்டிகள். ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் எப்போது ‘ஆமென்’ சொல்வார், எப்போது பொட்டலம் கைக்கு வரும் என்று காத்திருப்பவர்களைப் போல அவை தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில்தான் மெர்சி படியேறி வந்தாள். தோளில் பயணப் பை. கையில் சித்தி மகள் கல்யாணத்துக்கு வைத்த மருதாணி இன்னும் சிவப்பாக. கடைசிப் படியிலேயே நின்று மூக்கைச் சுருக்கினாள்.

“இன்னாடா நாத்தம் இது?”

“நாத்தமா? சத்து.”

“டேவிட்டு, விளையாடாத. தொட்டில இன்னா ஊத்துன?”

“தண்ணிதான்.”

“இன்னா தண்ணி?”

“மீன் கழுவுன தண்ணி.”

பை தோளிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. அவளும் அப்படியே உட்கார்ந்தாள். பூனைகள் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டன.

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்தான். பந்தில உக்காந்தவங்களுக்குள்ள ஓரவஞ்சன பண்ணலாமா? ஒரே சொம்பு. எல்லாருக்கும் ஒரே அளவு.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். மெர்சி கத்தினால் அவள் ஊர் புதுப்பட்டினத்தில் மீன் ஏலம் விடுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்பார்கள். ஆனால் அன்று அவள் மெதுவாகப் பேசினாள்.

“என் புராஜெக்ட்டு போச்சுடா.”

அந்த மெதுவான குரலைக் கேட்டதும் கையிலிருந்த சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

குப்புறப் படுத்தவள்

கடலுக்குள் செல்போனைப் போட்டுவிட்டு அதற்கு வேறு போனிலிருந்து ரிங் கொடுத்த கதையைப் போன வாரம் இதே பக்கத்தில் எழுதினேன். படித்துவிட்டு ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “அந்தச் செடிப் பொண்ணு கத எப்ப வரும்?” இதோ வந்துவிட்டது. இனி யாரும் என் ஆட்டோவின் ஹாரனை அமுக்கிவிட்டு ஓடக்கூடாது.

நான் மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு மழைக்காலத்தின் கடைசியில், சவாரியைத் திருப்போரூரில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் ரோட்டை ஒட்டி மனைப்பிரிவுகள் அதிகம். வெள்ளையடித்த எல்லைக் கற்கள், கலர் கலராகக் கொடிகள், மனிதர்களே இல்லாத தெருக்களுக்குப் பெரிய பெரிய பெயர்கள்.

அப்படி ஒரு காலி மனையில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள்.

ஆட்டோவை அப்படியே மண்ணில் இறக்கி ஓடினேன். “இன்னாம்மா, மயக்கமா? தண்ணி குடிக்கிறியா?”

அவள் தலையைத் தூக்கவே இல்லை. “நவுருங்கண்ணா, நெழலு வுழுது.”

கண்ணில் ஒரு சின்ன லென்ஸ். லென்ஸுக்கு அந்தப் பக்கம் வெறும் சரளை மண். மண்ணில் அரை விரல் உயரத்துக்கு ஒரு செடி. அதில் எள்ளுப் பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளைப் பூ.

இதற்குள் மனை விற்கிற தரகர் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். ஒரு பெண் மண்ணில் படுத்திருக்கிறாள், பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறான். அவர் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான்.

“படுத்தே அளந்து பாத்துட்டீங்களா மேடம்? கார்னர் பிளாட்டு. ரெண்டு பக்கம் ரோடு. தண்ணி சோக்கா கீது. சாரும் ஒரு தடவ படுத்துப் பாக்கலாம்.”

“சார் இல்ல, ஆட்டோக்காரரு” என்றாள் அவள், மண்ணைப் பார்த்தபடியே.

“அப்ப ரிட்டர்ன் சவாரிக்கும் கவலயில்ல” என்றேன் நான்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கு நுனியில் மண். அந்த மண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அழகாக இருந்தது. புதுப்பட்டினம் வரும்வரை அந்த மண்ணோடுதான் வந்தாள். இறங்கும்போது மறுபடியும் ‘தேங்க்ஸ்ணா’ என்று ஒரு ‘அண்ணா’வைப் போட்டுவிட்டுப் போனாள். அது ஒன்றுதான் அன்றைய நஷ்டம்.

பீட்டரும் பாலும்

மெர்சி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். மழை முடிந்ததும் முளைத்து, வெயில் ஏறியதும் செத்துப்போகிற குட்டிச் செடிகள்தான் அவள் புராஜெக்ட். அதிலும் நாலு இதழ் வெள்ளைப் பூக்காரர்கள் மட்டும். எல்லாம் ஒரே சொந்தபந்தம். எல்லாம் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். ஒரு தடவை உயிரியல் டீச்சர் செம்பருத்திப் பூ கொண்டுவரச் சொன்னார். நான் அதைக் காதில் செருகிக்கொண்டு போய் நின்றேன். “பாகம் குறி” என்றார். “இது பூ, இது காது” என்று காட்டினேன். தாவரவியலோடு என் உறவு வராண்டாவில் முட்டி போட்டதோடு முடிந்தது.

அப்படிப்பட்டவனை மெர்சி சனி, ஞாயிறுகளில் ஆட்டோவோடு கூட்டிக்கொண்டு ஏரிக்கரை, சவுக்குத் தோப்பு, மனைப்பிரிவு என்று சுற்றினாள். ‘அண்ணா’ எப்போது ‘டேவிட்டு’ ஆனது, ‘டேவிட்டு’ எப்போது ‘டேய்’ ஆனது என்று எனக்குத் தெரியாது. ‘டேய்’ ஆன அன்று ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

ஒரு நாள் கடற்கரை மணலில் ஒரு செடியைக் காட்டினாள். விறைப்பான ஒரு காம்பு. அதன் உச்சியில் குடைக் கம்பிகள் மாதிரி நிறையப் பூ.

“இது இம்பூறல். வேர சொரண்டுனா செவப்பு வரும். அந்தக் காலத்துல துணிக்குச் சாயம் போட்டாங்க.”

அடுத்தது ஏரிக்கரையில். இலையும் தண்டும் சேருகிற அக்குளிலிருந்து ஒரு காம்பு கிளம்பி, நுனியில் இரண்டு மூன்றாகப் பிரிந்து பூத்திருந்தது.

“இது பற்படாகம். காய்ச்சலுக்குக் கஷாயம் வெப்பாங்கல்ல, அது.”

எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஊரெல்லாம் டெங்கு என்று படுத்திருந்த வருடம், அம்மா என் மூக்கைப் பிடித்து ஊற்றிய கசப்பில் அதுவும் உண்டு. இவள் அப்புறம் சொல்லித்தான் தெரிந்தது, நாட்டு மருந்துக் கடைகளில் அந்தப் பெயரில் கடைக்கு ஒரு செடி கொடுப்பார்களாம். நான் எதைக் குடித்துப் பிழைத்தேன் என்பது கர்த்தருக்கே வெளிச்சம்.

மூன்றாவதுதான் வில்லங்கம். அந்தச் சரளை மனையில் அவள் குப்புறக் கிடந்து பார்த்தாளே, அது. அதே உயரம், அதே இலை, அதே வெள்ளை.

“இதுவும் பற்படாகம்தான?” என்றேன்.

“நல்லா பாரு. அது ஒரு காம்புல கொத்தா பூக்கும். இது ஒரு காம்புக்கு ஒரே பூ. காம்பு நூலு மாதிரி நீளமா கீது. பூவோட கொழலும் கொஞ்சம் நீட்டு.”

எனக்கு உடனே விளங்கியது. எங்கள் தெருவில் பீட்டர், பால் என்று இரட்டையர்கள் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது. எவனைப் பிடித்து உதைத்தாலும் அடுத்தவன் பெயரைச் சொல்லித் தப்பிப்பான். ஆனால் சாப்பிட உட்கார வைத்தால் தெரிந்துவிடும். பீட்டர் கூட்டத்தோடு ஒட்டி உட்காருவான். பால் தட்டைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்விடுவான்.

“அப்ப இது பாலு” என்றேன்.

மெர்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு அந்தச் செடிக்குப் பால் என்றே பெயர் நின்றுவிட்டது. பற்படாகம் பீட்டர் ஆனது. லத்தீன் பெயர்கள் எல்லாம் அவளுடைய கல்லூரிக்கு மட்டும்.

பட்டினிச் செடி

பிரச்சினை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரிடம் இருந்து வந்தது. தூத்துக்குடிக்கார அம்மா. மெர்சி ‘மேடம்’ என்பாள். நல்ல மனுஷி, ஆனால் சிரிப்பு மட்டும் ரேஷனில் வருவது போல எப்போதாவதுதான் வரும். மெர்சி கொண்டுபோன பாலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை, திரும்பி வரும்போது ஆட்டோவின் பின் சீட்டில் உட்கார்ந்து அழாத குறையாக இவள் சொன்னாள்.

“மேடம் ஒத்துக்கல. இது தனிச் செடி இல்லியாம். அதே பற்படாகம்தானாம். சரளை மண்ணுல சத்து இல்லாம பட்டினி கெடந்தா அதுவும் ஒத்தப் பூதான் பூக்குமாம். நெஜந்தான், பூக்கும். நானே பாத்துகீறேன்.”

“அப்ப அவங்க சொல்றதும் ரைட்டு, நீ சொல்றதும் ரைட்டா?”

“என்னுது பட்டினிச் செடி இல்லடா! ஆனா நல்லா வளந்த செடிய நான் ஒண்ணுகூட பாத்ததில்ல. அது வளர்ற எடமே சரளைதான். மேடம் செவப்புல கேள்விக்குறி போட்டு வெச்சிருக்காங்க. புராஜெக்ட்ட குடுக்கறதுக்குள்ள காட்டலன்னா அந்தப் பக்கத்த அடிச்சிடுவாங்க. அந்தப் பக்கந்தான்டா என் புராஜெக்ட்டே. மிச்சமெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது.”

அவளுக்குக் கவலை அது. எனக்கு அந்தப் பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மண்டையில் ஏறி உட்கார்ந்தது: பட்டினி.

அவள் சரளை மண்ணோடு பெயர்த்து இரண்டு வகையையும் வீட்டில் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டுக் கோழிகள் ஒரே காலையில் பாதியைக் கிளறிவிட்டன. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்கு வந்தாள். பீட்டருக்குச் சில தொட்டி, பாலுக்குச் சில தொட்டி. அப்புறம் சித்தி மகள் கல்யாணம், மறுவீடு, அப்படியே கல்லூரி டூர் என்று பத்துப் பதினைந்து நாளைக்குக் கிளம்பினாள்.

“வெறும் தண்ணி. காலைல மட்டும். எருவு, உரம் எதுவும் போடக்கூடாது. இன்னா சொன்னேன்?”

“எருவு போடக்கூடாது. உரம் போடக்கூடாது.”

“ஆங்.”

மீன் தண்ணீரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்றத்திலும் நான் இதையே சொல்வேன்.

சத்துணவுத் திட்டம்

எங்கள் பக்கத்தில் மீன் கழுவிய தண்ணீரை யாரும் சும்மா கொட்ட மாட்டார்கள். கருவேப்பிலை, முருங்கை, வாசல் ரோஜா எதுவோ ஒன்றுக்குப் போகும். எங்கள் வீட்டுக் கருவேப்பிலை அதைக் குடித்தே மாடிக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. அதை நாங்கள் எருவென்றோ உரமென்றோ நினைத்ததே கிடையாது. அது தண்ணீர். கொஞ்சம் ருசியான தண்ணீர். அவ்வளவுதான்.

முதல் நாள் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றினேன். பாலைப் பார்த்தேன். நூல் மாதிரி ஒரு தண்டு. அதில் ஒரே ஒரு பூ. கல்யாண வீட்டு வாசலில் அழைப்பிதழ் இல்லாமல் நிற்கிறவன் மாதிரி நின்றது. கீழே அம்மா காரப்பொடி மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போகிறவள். கிளம்புவதற்கு முன்பே மீனைக் கழுவி, குழம்பைக் கொதிக்க வைத்துவிடுவாள்.

“ம்மா, அந்தத் தண்ணிய கொட்டாத.”

“ஏன்டா?”

“மேல ஒரு புள்ள பட்டினியா கீது.”

அன்றிலிருந்து அம்மா சட்டியை ஓரமாக வைப்பாள், நான் மாடிக்குத் தூக்கிப் போவேன். பாலுக்கு மட்டும் ஊற்றலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பீட்டரும் பக்கத்திலேயே இருந்தான். பந்தியில் ஒருவன் இலையில் மட்டும் மீன் வைத்துவிட்டு அடுத்தவன் இலையைத் தாண்டிப் போனால் எங்கள் தெருவில் கல்யாணமே நின்றுவிடும். அதனால் எல்லாருக்கும் ஒரே சொம்பு.

செடிகள் வளர்ந்தன. வளர்ந்தன என்றால் சாதாரணமாக இல்லை. வாளி விளிம்பைத் தாண்டி வெளியே கை போட்டன. பூனைகள் வந்தன. பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து, “டேவிட்டு, மேல கருவாட்டுக் கட ஏதாவது போட்டுக்கிறியா?” என்று கேட்டார். என் ஸ்டாண்டு நண்பன் சுகுமார் வந்து பார்த்துவிட்டு, “மச்சான், காதலிக்கிற பொண்ணுக்கு ரோஜா வாங்கிக் குடுப்பானுங்க, பாத்துகீறேன். களைச் செடிக்கு மீன் சாப்பாடு போடறவன இப்பத்தான் பாக்குறேன்” என்றான்.

நான் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன். மெர்சி வந்து பார்த்தால் அப்படியே மயங்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

அதில் பாதி நடந்தது.

கண்ணை மூடிக்கொண்டவள்

மாடியில் உட்கார்ந்த மெர்சி தொட்டிகளைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னா, அவ்ளோ கோவமா?” என்றேன்.

“கோவம் இல்ல. பயம்.”

“எதுக்கு?”

“மேடம் அன்னிக்கே சொன்னாங்க. ‘சோறு போட்டுப் பாரு, கொத்துக் கொத்தா பூக்கும்’னு. நான் போடல. ஏன் போடல தெரியுமா? மேடம் சொல்றது நெஜமா போச்சுன்னா? அதுக்குத்தான் சரளை மண்ணுலயே வெச்சிகினு இருந்தேன். இப்ப நீ போட்டுட்ட. அது இன்னான்னு அதுவே சொல்லிட்டிருக்கும்.” ஒரு பூனையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். “நீயே பாத்து சொல்லு.”

லென்ஸை என் பக்கம் நீட்டினாள்.

நான் முதல் தடவையாகக் குப்புறப் படுத்தேன். மீன் நாற்றம் நேராக மூளைக்குப் போனது. முதலில் பீட்டர்.

“இதுல ஒரு காம்புக்கு மூணு கீது. இங்க நாலு.”

“அது பற்படாகம். அது அப்டித்தான் பூக்கும். அடுத்தது.”

அடுத்தது பால். லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, எண்ண முடியாத அளவுக்குப் பூ.

“மெர்சி, ரொம்பப் பூ கீது.”

அவள் உதடு கோணியது. “கொத்தாவா?”

சாதாரண நாளாக இருந்தால் இந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். “ஆமா, சாமந்தி மாதிரி” என்று ஒரு போடு போட்டிருப்பேன். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவள் கை அந்தப் பூனையின் முதுகில் அசையாமல் இருந்தது. தடவவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு நக்கல் மறந்துபோனது.

“இரு. ஒண்ணொண்ணா பாக்குறேன்.”

ஒரு பூவைப் பிடித்துக் காம்பு வழியாகக் கீழே இறங்கினேன். “இது ஒண்ணு. நேரா போயி எலைக்கும் தண்டுக்கும் நடுவுல சேருது.”

“நடுவுல முட்டி கீதா? பாதி வழில ஒரு சின்ன கணு? பட்டினி கெடக்கிற பற்படாகத்துல அது இருக்கும். கூடப் பொறக்க வேண்டிய பூ அங்கதான் வரும்.”

“இல்ல. வழவழன்னு நூலு.”

“அடுத்தது?”

“ஒண்ணு.”

“அடுத்தது?”

“ஒண்ணுதான். இதுவும் ஒண்ணு. அய்யோ, இங்க ரெண்டு கீது!”

கண்ணைத் திறந்துவிட்டாள். “ஒரே காம்புலயா?”

“இரு, இரு, கத்தாத, பூன பயப்படுது.” தலைமுடி அளவுக்கு இருந்த அதை விரலால் விலக்கிப் பார்த்தேன். “ரெண்டும் ஒரே அக்குள்ள இருந்துதான் வருது. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தனிக் காம்பு. பாகம் பிரிச்சி, நடுவுல சொவரும் எழுப்பிட்டானுங்க.”

“டேய், நெஜமாவா?”

“பைபிள் மேல சத்தியம்.”

லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு என் பக்கத்திலேயே விழுந்தாள். இந்தத் தொட்டி, அந்தத் தொட்டி, மறுபடி இந்தத் தொட்டி. தவழ்ந்து தவழ்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள். எல்லாம் கொழுத்திருந்தன. எல்லாம் ஒற்றைக் காம்பு. சோறு போட்டால் பால் பூவைக் கூட்டிக்கொண்டான். கூட்டத்தோடு மட்டும் சேரவில்லை.

மெர்சி எழுந்து நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா, தெருக்கோடி சுகுமார், ரோட்டில் போன ஐஸ் வண்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு கத்தல். பிறகு மடியிலிருந்து இறங்கி ஓடிய பூனையைப் பிடித்து, முகத்துக்கு நேராகத் தூக்கி முத்தம் கொடுத்தாள்.

அந்தப் பூனை செடிக்கு ஒரு சொம்பு தண்ணீர்கூட ஊற்றியதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

தூத்துக்குடி மூக்கு

மறுநாளே தொட்டிகளைப் பின் சீட்டில் ஏற்றி, நடுவில் மெர்சியையும் உட்கார வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு விட்டேன். வழியில் ஒரு அக்கா கை காட்டி நிறுத்தி, உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தார்.

“இன்னா மீனுப்பா கீது?”

“மீனு தீந்துபோச்சுக்கா. செடிதான் கீது.”

“வாசன மட்டும் வெச்சிகினு சுத்துறியே, பேஜாரு புடிச்சவனே!”

மேடம் அறைக்குள் நுழைந்ததும் அவரும் மூக்கைத்தான் முதலில் தூக்கினார். ஆனால் முகம் சுளிக்கவில்லை.

“காரப்பொடி கழுவின தண்ணி மாதிரில்லா இருக்கு?”

நான் அசந்துபோனேன். “எப்டி மேடம்?”

“எங்க ஊர்ல வாழைக்கே இதத்தான் ஊத்துவாவ.” சொல்லிக்கொண்டே லென்ஸை எடுத்தார். ஒரு காம்பு, அடுத்த காம்பு. பூவைக் கிள்ளி அதன் குழலை அளந்து பார்த்தார். பீட்டரைப் பார்த்தார், பாலைப் பார்த்தார். மெர்சி என் சட்டைக் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். சட்டை போனால் போகிறது என்று நான் அசையவில்லை.

“தம்பி, ரெண்டு வகைக்கும் ஒண்ணு போல ஊத்துனியா?”

“ஒரே சொம்பு மேடம்.”

“ஏன் அப்படி ஊத்தின?”

“பந்தில ஓரவஞ்சன பண்ணக்கூடாதுல்ல மேடம்.”

ரேஷன் வந்துவிட்டது. மேடம் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஏம்மா மெர்சி, நீ செய்யப் பயந்தத இவன் தெரியாமச் செஞ்சிருக்கான். ஒரே மண்ணு, ஒரே தண்ணி, ஒரே தீனி. அப்பவும் ரெண்டும் ரெண்டாத்தான் நிக்கி. நான் சொன்னது இந்தச் செடிக்குப் பொருந்தாது.” மேசை மேலிருந்த புராஜெக்ட்டை இழுத்து, அந்தச் சிவப்புக் கேள்விக்குறியை அவரே அடித்தார். “தனிச் செடின்னே எழுது. ஆனா ஒரு தடவ நடந்தது போதாது. இதுலருந்து விதை எடு. பாதித் தொட்டிக்கு வெறும் தண்ணி, பாதிக்கு மீன் தண்ணி. அளந்து ஊத்து. அதையும் சேத்துக் குடு.”

“சரி மேடம்.”

“என்ன மீனுன்னும் எழுதணும்.”

மெர்சி என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“காரப்பொடி மேடம். நடுவுல ஒரே ஒரு நாள் நெத்திலி.”

“அந்த நெத்திலியையும் எழுது” என்றார் மேடம்.

ஒரு முதுகலைப் பட்டத்துக்குள் நெத்திலி நுழைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கழுவுகிற இடம்

விதைகள் முளைத்த பிறகு மெர்சி ஒரு காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் அளவு ஜாடி. பின்பக்கம் குழாயடியில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மெர்சி சுடிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் போய்க் குந்தினாள்.

“குடுங்க, நானே கழுவுறேன். எவ்ளோ மீனுக்கு எவ்ளோ தண்ணின்னு எனக்குக் கணக்கு வேணும்.”

அம்மா சட்டியை நகர்த்திக் கொடுத்துவிட்டு அவள் கையையே பார்த்தாள். செதில் சரியாகத்தான் போனது. அம்மாவுக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே அவளுக்கு ஒரு குறையாக இருந்திருக்கும்.

“ஏம்மா, நாள் தவறாம இவ்ளோ மீனு கழுவப் போறியா?”

“ஆமா. செடி பூக்குற வரைக்கும்.”

“தண்ணி செடிக்கு. சரி. மீன இன்னா பண்றது? வூட்ல நாங்க ரெண்டே பேரு.”

மெர்சி தலையைத் தூக்காமல் மீனைத் திருப்பிப் போட்டாள்.

“கொழம்பு வெச்சிடுங்கத்த. நானும் இங்கயே சாப்ட்டுப் போறேன்.”

அன்று வரைக்கும் அவள் அம்மாவை ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ‘அத்த’ என்று சொன்னது அவளுக்கே தெரியுமா என்று பார்த்தேன். காது இரண்டும் மருதாணி வைத்தது மாதிரி சிவந்திருந்தன. தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

நான் குழாயைத் திறந்தவன் மூட மறந்து நின்றேன். தண்ணீர் வழிந்து என் காலை நனைத்துக்கொண்டு ஓடியது.

அம்மா அவளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“பல்லக் காட்டிகினு நிக்காதடா. உள்ள போயி புளிய இன்னும் கொஞ்சம் ஊறப் போடு.”